கத்தல், அலறல், ஆரவாரம்: ஆங்கிலத்தில் எழுதும்போது பிழைக்கும் இடங்களும் திருத்தமும்

ஓ.எல். கட்டுரையோ, ஏ.எல். பொது ஆங்கிலமோ, வெளிநாடு போவதற்கான ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையோ, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கொப்பிகளில் ஓரிடத்தில் சிவப்பு மை கூடுதலாக விழுகிறது. கதையில் யாராவது சத்தம் போடுகிற இடம் அது. பாம்பைக் கண்டு ஒருத்தி வீரிடுகிறாள். மைதானத்தில் பெடியள் ஆர்ப்பரிக்கிறார்கள். அப்பா ஏசுகிறார். செத்தவீட்டில் அம்மம்மா குளறி அழுகிறார். தமிழில் இதையெல்லாம் எழுத எந்தப் பிள்ளையும் பேனையை நிறுத்தி யோசிப்பதில்லை. அதே பிள்ளை ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துப்பிழை இருக்காது, காலம் சரியாக இருக்கும், ஆனாலும் வசனம் ஒட்டாது.

தமிழில் வினைச்சொல் ஒன்றே முழுப் பாரத்தையும் தூக்கிவிடும். 'வீரிட்டாள்' என்றால் பயம், உச்சக் குரல், திடீரென்று வந்த தன்மை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆங்கிலம் அந்தப் பாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. சத்தத்துக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரு சிறு வினை, பக்கத்தில் ஓர் அடைமொழி, பின்னால் 'அட்', 'வித்' மாதிரி ஒரு குட்டிச் சொல். எதோடு எது சேரும் என்பது வழக்கத்தால் வந்தது. விதி சொல்லி அடக்க முடியாது. நல்ல காலம், பிழைகள் சில வகைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆகவே அறிகுறிகளாகப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் வசனம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ நேரே அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

எதையும் திருத்துமுன்: வாயிலிருந்து சொல் வந்ததா?

உங்கள் கதையில் கத்துகிறவர் ஏதாவது சொல்கிறாரா, வெறும் குரல் மட்டும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். சொல் இருந்தால் பெரும்பாலும் 'ஷவுட்' அல்லது 'யெல்'. சொல் இல்லாமல் உச்சத்தில் குரல் மட்டும் கிழித்துக்கொண்டு வந்தால் 'ஸ்கிரீம்' அல்லது 'ஷ்ரீக்'. 'ஸ்கிரீம்' என்பது பெரிய 'ஷவுட்' என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு சாதிச் சத்தங்கள். கின்னஸ் சாதனைப் பட்டியலே இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. வட அயர்லாந்தின் அனலிசா ரே 1994 இல் 'குவையட்' என்ற சொல்லைக் கத்தி 121.7 டெசிபல் தொட்டார்; அது 'ஷவுட்'. இங்கிலாந்தில் வகுப்பறை உதவியாளராக இருந்த ஜில் டிரேக் 2000 இல் 129 டெசிபல் தொட்டார், அது 'ஸ்கிரீம்'. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவில் இருக்கும். 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அலறலில் சத்தத்தின் அளவு ஒரு செக்கனுக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. அபாய மணிகளிலும் இதே கரகரப்புத்தான். சாதாரணப் பேச்சில் அந்த ஏற்றஇறக்கம் மிக மெதுவானது. ஆகவே அலறலைக் கேட்டதும் நெஞ்சு பதறுவது வெறும் உரப்பினால் மட்டுமல்ல.

பிறகு, யார், ஏன் என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் மகிழ்ச்சியில் கீச்சிட்டால் 'ஸ்க்வீல்'. கோபம் கொண்ட பெரிய ஆண்குரல் அடிவயிற்றிலிருந்து வந்தால் 'பெல்லோ'. எருது கத்துவதற்கும் அதே சொல்தான். கூட்டம் ஒன்றாக அதிர்ந்தால் 'ரோர்'. நீண்டு இழுபட்டால் 'ஹவுல்'. காலில் முள் குத்தி ஒரு நொடி மட்டும் வந்துபோகும் சத்தம் 'யெல்ப்'. வெற்றியில் துள்ளும்போது வருவது 'வூப்'. துக்கத்தில் நீண்டு உயர்வது 'வெய்ல்'. இவற்றில் எது என்று முடிவு செய்தபிறகுதான் முன்னால் வரும் வினையைத் தேட வேண்டும்.

அறிகுறி: "ஷீ புட் எ பிக் சவுண்ட்", "ஹீ டிட் எ ஷவுட்", "ஷீ மேட் எ ஸ்கிரீம்"

ஆகக் கூடுதலாக வரும் கோளாறு இது. 'சத்தம் போட்டாள்', 'கூச்சல் போட்டான்' என்ற நம் 'போடு' நேரே 'புட்' ஆகிவிடுகிறது. அது பிழை என்று தெரிந்த பிள்ளை 'டூ', 'மேக்' என்று கைக்கு வந்ததைப் போட்டுப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு நாலைந்து வினைகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

'லெட் அவுட்' என்பது அடக்க முடியாமல் வெளியே பாய்ந்த சத்தத்துக்கு. பயம், வலி, எதிர்பாராத மகிழ்ச்சி. 'ஸ்கிரீம்', 'ஷ்ரீக்', 'யெல்', 'யெல்ப்', 'ஹவுல்', 'வெய்ல்', 'வூப்' எல்லாமே இதோடு சேரும். கிணற்றடியில் பாம்பைக் கண்ட பெண்ணுக்கு இதுதான் பொருத்தம்: "ஷீ லெட் அவுட் எ ஸ்கிரீம்." இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'லெட்' இறந்தகாலத்திலும் 'லெட்' தான். 'லெட்டட்' என்று ஒன்று இல்லை.

'கிவ்' என்பது ஒரே தடவை வரும் குறுகிய சத்தத்துக்கு. அடக்க முடியாமல் வந்ததாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கலாம். "ஹீ கேவ் எ ஷவுட்", "ஷீ கேவ் எ க்ரை ஒவ் சர்ப்ரைஸ்." கடைசியில் 'ஒவ்' வைத்து உணர்ச்சியைச் சேர்ப்பது இதன் அழகு. 'க்ரை ஒவ் பெயின்', 'ஷவுட் ஒவ் ஜோய்', 'ஷ்ரீக் ஒவ் டிலைட்' என்று எழுதிப் பழகுங்கள். 'பெயின் க்ரை', 'ஜோய் ஷவுட்' என்று நம் 'வலிக் கதறல்' போல ஒட்டி எழுதினால் ஆங்கிலக் காது அதை ஏற்காது.

'அட்டர்' கதைப் புத்தக நடை. பேச்சில் வராது. எதிர்மறையில்தான் அது மிக நன்றாக அமர்கிறது: "வித்அவுட் அட்டரிங் எ சவுண்ட்", மூச்சுக்கூட விடாமல் என்ற பொருளில்.

'மேக்' கூடாதென்று இல்லை. 'நொய்ஸ்', 'சவுண்ட்' என்ற இரண்டோடும் அது சேரும். "டோன்ட் மேக் எ நொய்ஸ்" என்றால் சத்தம் போடாதே. "டோன்ட் மேக் எ சவுண்ட்" என்றால் சின்னச் சத்தம்கூட வரக்கூடாது, ஒளிந்திருக்கும்போது சொல்வது. 'ஸ்கிரீம்', 'ஷவுட்' இரண்டோடும் 'மேக்' சேர்க்க வேண்டாம்.

'ரெய்ஸ்' குரலுக்கு உரியது. "ஹீ நெவர் ரெய்ஸ்ட் ஹிஸ் வொய்ஸ்": அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பல பிள்ளைகள் இங்கே 'ரைஸ்' எழுதுகிறார்கள். 'ரைஸ்' தானாக உயர்வது. ஆள் உயர்த்துவது 'ரெய்ஸ்'.

திருத்தியபிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். சத்தம் ஒரே தடவை வந்ததா, நீண்டதா? 'லெட் அவுட் எ ஸ்கிரீம்' ஒரே ஓர் அலறல். குழந்தை இரவு முழுக்க வீரிட்டதை அதனால் சொல்ல முடியாது. அங்கே வினையாகவே எழுத வேண்டும்: "த பேபி ஸ்கிரீம்ட் ஓல் நைட்." கதையில் பத்துத் தடவை 'லெட் அவுட்' போட்ட கொப்பிகளும் உண்டு. ஒரு பக்கத்தில் ஒன்று போதும்.

அறிகுறி: அப்பா ஏசியதை எழுதினால், அப்பா தூரத்திலிருந்து கூப்பிட்டதுபோல் ஆகிவிடுகிறது

"மை ஃபாதர் ஷவுட்டட் டு மீ ஃபோர் மை மார்க்ஸ்." 'எனக்கு ஏசினார்' என்பதில் உள்ள 'எனக்கு' தான் இங்கே 'டு மீ' ஆகியிருக்கிறது.

'ஷவுட் அட்' கோபம். 'ஷவுட் டு' தூரம். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் நிற்பவர் கரையில் நிற்பவருக்குக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினால் அது 'ஷவுட்டட் டு'. அங்கே 'அட்' போட்டால் இரண்டு பேரும் சண்டைபிடிக்கிறார்கள் என்று பொருள். 'ஸ்கிரீம் அட்', 'யெல் அட்' இரண்டும் கோபம்தான்.

இன்னொன்று: ஏசுவது எப்போதும் உரத்த குரலில் நடப்பதில்லை. சில அப்பாக்கள் மெதுவாகப் பேசியே பிள்ளையைக் கூனிக் குறுக வைப்பார்கள். அதற்கு 'ஷவுட்' வேண்டாம். 'ஹீ டோல்ட் மீ ஒஃப்' என்பது இயல்பான பேச்சுவழக்கு. நாங்கள் எல்லோரும் பாவிக்கிற 'ஸ்கோல்ட்' பிழையில்லை. பிரித்தானியர் காதுக்குக் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

உதவிக்குக் கத்தினால் 'ஃபோர்': "ஷவுட்டட் ஃபோர் ஹெல்ப்." வலியோ பயங்கரமோ என்றால் பெரும்பாலும் 'இன்': "ஸ்கிரீம்ட் இன் பெயின்", "ஸ்கிரீம்ட் இன் டெரர்." சிரிப்பு என்றால் 'வித்': "ரோர்ட் வித் லாஃப்டர்." மகிழ்ச்சிக்கு 'ஷவுட் ஃபோர் ஜோய்' என்று ஒரு நிலைத்த தொடர் இருக்கிறது. 'பிகோஸ் ஒவ் பெயின்' என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, ஆனால் மருத்துவ அறிக்கை வாசிப்பது போலிருக்கும்.

தொண்டை கிழியக் கத்தினான் என்பதற்கு 'இன் டொப் வொய்ஸ்', 'வித் டொப் சவுண்ட்' என்றெல்லாம் வருகிறது. தொடர் ஒன்றுதான்: "அட் த டொப் ஒவ் ஹிஸ் வொய்ஸ்." பலர் கத்தினால் கடைசிச் சொல்லும் பன்மையாகும்: "அட் த டொப் ஒவ் தெயர் வொய்சஸ்." 'வொய்ஸ்' இருக்கும் இடத்தில் 'லங்ஸ்' போட்டும் சொல்வார்கள்.

அறிகுறி: 'ஹெவி சவுண்ட்', 'பிக் சவுண்ட்', 'ஸ்ட்ரோங் ஸ்கிரீம்'

இதற்கு அடியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கும். முதலாவது 'சத்தம்'. நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. மனிதக் குரல் 'வொய்ஸ்'. எரிச்சல் தரும் சத்தம் 'நொய்ஸ்'. பொதுவாகக் காதில் விழும் எதுவும் 'சவுண்ட்'. 'அவருக்குப் பெரிய சத்தம்' என்பதை "ஹிஸ் சவுண்ட் இஸ் பிக்" என்று எழுதினால் வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேசுவது போலாகும். "ஹீ ஹாஸ் எ லவுட் வொய்ஸ்" என்று எழுதினால் சரி.

இரண்டாவது அடைமொழி. 'லவுட்' எல்லாவற்றோடும் சேரும். சந்தேகம் வந்தால் அதையே போடுங்கள். அதைத் தாண்டிப் போக ஆசைப்பட்டால் ஒவ்வொரு சத்தத்துக்கும் உரிய கூட்டாளியைத் தேட வேண்டும். அலறலுக்கு 'பியர்சிங்', 'இயர்-ஸ்ப்ளிட்டிங்', 'ஹை-பிட்ச்ட்'. கீச்சுக் குரலுக்கும் விசிலுக்கும் 'ஷ்ரில்'. கைதட்டலுக்கு 'தண்டரஸ்'. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு 'டெஃபனிங்'. ஆழமான ஆண்குரலுக்கு 'பூமிங்'. காலையிலிருந்து "பருத்தித்துறை, பருத்தித்துறை" என்று கூப்பிட்டுக் கரகரத்துப்போன மினிபஸ் கொண்டக்டரின் குரலுக்கு 'ஹோர்ஸ்'. இவற்றை இடம் மாற்ற முடியாது. 'தண்டரஸ் ஸ்கிரீம்' என்றோ 'பியர்சிங் அப்ளோஸ்' என்றோ ஒருவரும் சொல்வதில்லை. 'ஸ்டென்டோரியன் வொய்ஸ்' என்று ஒரு பெரிய தொடரும் உண்டு. ஹோமரின் இலியட் காவியத்தில் ஐம்பது பேரின் குரல் ஒருவனுக்கு இருந்ததாகச் சொல்லப்படும் ஸ்டென்டர் என்ற கிரேக்கனின் பெயரிலிருந்து வந்தது. தெரிந்து வைத்திருக்கலாம், ஓ.எல். கட்டுரையில் அது தேவையில்லை.

'பிளட்-கேர்ட்லிங் ஸ்கிரீம்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் அலறல். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ரியூசன் குறிப்புகளில் பாடமாக்கி, எந்தக் கட்டுரையிலும் ஓரிடத்தில் செருகிவிடுவார்கள். பேய்க் கதை, துப்பறியும் கதை என்றால் தாராளமாகப் போடுங்கள்; அந்த உலகத்துச் சொல் அது. நம் பிள்ளைகள் அவற்றை மட்டும் எழுதுவதில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மம்மா நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்த இரவை எழுதுகிறார்கள். 2004 சுனாமியில் கரையோரத்தில் நடந்ததை எழுதுகிறார்கள். அங்கே 'பிளட்-கேர்ட்லிங்' வந்தால் வாசிப்பவருக்கு நிஜத் துயரம் திரைப்படக் காட்சியாக மாறிவிடுகிறது. பிள்ளை கஷ்டப்பட்டு எழுதிய உண்மை, ஓர் ஆடம்பரமான அடைமொழியினால் பொய்போல் ஒலிக்கிறது. இப்படியான இடங்களில் சின்னச் சொற்களே தாங்கும். "சம்வன் க்ரைட் அவுட் இன் த டார்க்." இருட்டில் யாரோ கதறினார்கள். அடைமொழியே இல்லை. பரீட்சகர் அந்த வசனத்தில் நின்றுவிடுவார். மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதைகளுக்கு அந்த மரியாதையை மொழி கொடுக்க வேண்டும்.

அறிகுறி: கத்தியதை எழுதினால் அழுததாகவும், அழுததை எழுதினால் கத்தியதாகவும் படுகிறது

குற்றவாளி 'க்ரை'. அதற்கு அழுகை, கத்தல் இரண்டு பொருளும் உண்டு. பிரித்துப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வினையாகத் தனியே நின்றால் பெரும்பாலும் அழுகை: "ஷீ க்ரைட்." 'அவுட்' சேர்ந்தால் கத்தல்: "ஷீ க்ரைட் அவுட்." பெயர்ச்சொல்லாக 'கிவ்', 'லெட் அவுட்' என்பவற்றுக்குப் பின்னால் வந்தால் கத்தல்: "ஷீ கேவ் எ க்ரை." 'ஹாவ்' என்பதற்குப் பின்னால் வந்தால் மறுபடியும் அழுகை: "ஷீ ஹாட் எ க்ரை", கொஞ்சநேரம் அழுது தீர்த்தாள். உதவி கேட்டுக் கத்துவது 'எ க்ரை ஃபோர் ஹெல்ப்'.

செத்தவீட்டை எழுதும்போது இது போதாது. நம் ஊரில் துக்கத்துக்குப் படிகள் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் இருக்கின்றன. சத்தமில்லாமல் கண்ணீர் விட்டால் 'வீப்'. மூச்சு அடைத்து அடைத்து விம்மினால் 'சொப்'. சேதி கேட்ட கணத்தில் உடைந்து அழுதால் 'பேர்ஸ்ட் இன்டு டியர்ஸ்'. பெட்டி வாசலுக்கு வரும்போது பெண்கள் குளறுவது 'வெய்ல்'. "எ வெய்ல் ரோஸ் ஃப்ரம் த ஹவுஸ்" என்றால் வீட்டுக்குள்ளிருந்து குளறல் எழுந்தது. மார்பில் அடித்து அழுவதை 'பீட் தெயர் பிரெஸ்ட்ஸ்' என்று எழுதலாம்.

ஒப்பாரியை 'வெய்ல்' என்று எழுதாதீர்கள். முதல் பகுதியில் சொன்ன கேள்வியை இங்கே கேளுங்கள்: சொல் இருக்கிறதா? ஒப்பாரியில் சொல் இருக்கிறது, இசை இருக்கிறது, இறந்தவரின் வாழ்க்கையே இருக்கிறது. ஆகவே அது 'லமென்ட்'. "ஷீ சாங் எ லமென்ட் ஃபோர் ஹேர் சன்." அந்தக் கலையைத் தெரிந்த கிழவிகள் குறைந்துகொண்டு வருகிறார்கள், அவர்களைப் பற்றி எழுதுகிற பிள்ளை சரியான சொல்லோடு எழுதட்டும்.

அறிகுறி: சிரிப்பு வரும் இடத்தில் "பேர்ஸ்ட் இன்டு லாஃபிங்"

சின்னத் திருத்தம். 'அவுட்' என்றால் பின்னால் 'இங்': "பேர்ஸ்ட் அவுட் லாஃபிங்." 'இன்டு' என்றால் பின்னால் பெயர்ச்சொல்: "பேர்ஸ்ட் இன்டு லாஃப்டர்." அழுகைக்கும் இதே முறைதான்: 'அவுட் க்ரையிங்', 'இன்டு டியர்ஸ்'. வகுப்பே கொல்லென்று சிரித்ததைச் சொல்ல "த கிளாஸ் ரோர்ட் வித் லாஃப்டர்." அலை அலையாக வந்த சிரிப்பு 'பீல்ஸ் ஒவ் லாஃப்டர்'.

அறிகுறி: பிக் மட்ச் கட்டுரையில் கூட்டம் அணியை ஆறுதல்படுத்துகிறது

யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெரும் சமரைப் பற்றி எழுதாத ஆங்கிலக் கொப்பி யாழ்ப்பாணத்தில் இருக்குமா தெரியாது. அந்தக் கட்டுரைகளில் "வீ சியர்ட் அப் அவர் டீம்" என்று ஒரு வசனம் தவறாமல் வரும். 'சியர் அப்' என்றால் மனம் சோர்ந்தவரைத் தேற்றுவது. ஆடும் அணிக்கு உற்சாகம் கொடுக்கக் கத்துவது 'சியர் ஒன்': "வீ சியர்ட் அவர் டீம் ஒன்." 'சியர் ஃபோர்' என்றாலும் சரி. விக்கெட் விழுந்த கணத்தில் எழும் ஆரவாரத்துக்கு 'வென்ட் அப்' என்ற வினை கைகொடுக்கும்: "எ லவுட் சியர் வென்ட் அப்." யார் கத்தினார் என்று சொல்லத் தேவையில்லாமல், கூட்டத்திலிருந்து சத்தமே எழுந்ததாகக் காட்டும் இந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். "எ ரோர் வென்ட் அப் ஃப்ரம் த க்ரவுட்" என்றும் எழுதலாம். பாண்ட் வாத்தியச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்கவில்லை என்றால் "த நொய்ஸ் வோஸ் டெஃபனிங்."

கூக்காட்டுவதற்கு நாங்கள் 'ஹூட்' என்கிறோம். இலங்கை ஆங்கிலத்தில் அது எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டுப் பரீட்சையில் 'ஹூட்' என்றால் ஆந்தையும் வாகன ஹோர்னும் சிரிப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே 'பூ' என்ற வினையைப் பாவியுங்கள். நம் பூவைப் போலத்தான், ஆனால் முதல் ஒலி 'அம்பு' என்பதில் வரும் 'பு' போல மென்மையானது, குரலும் நீளும். "த க்ரவுட் பூட் த அம்பயர்." பலர் சேர்ந்து கூக்காட்டினால் 'எ கோரஸ் ஒவ் பூஸ்'. கேலி வார்த்தைகளும் சேர்ந்தால் 'ஜியர் அட்'.

மறுநாள் தொண்டை கட்டியிருக்கும். "மை த்ரோட் வோஸ் டைட்" என்று எழுதினால் தொண்டையைக் கயிற்றால் கட்டியதாகிவிடும். கத்திக் கத்தித் தொண்டை கட்டினால் "வீ ஷவுட்டட் அவர்செல்வ்ஸ் ஹோர்ஸ்." குரலே போய்விட்டால் "ஐ லொஸ்ட் மை வொய்ஸ்."

அறிகுறி: நல்லூரில் பக்தர்கள் பயந்து அலறுகிறார்கள்

"த டிவோட்டீஸ் ஸ்கிரீம்ட் அரோகரா." வாசிக்கும் வெளிநாட்டவர் ஏதோ விபத்து என்று நினைப்பார். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர் அசையும்போது எழுகிற அந்தச் சத்தத்தில் பயம் இல்லை, சொல் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு தடவை எழுப்பினால் "எ கிரேட் க்ரை ஒவ் அரோகரா வென்ட் அப் ஃப்ரம் த க்ரவுட்." திரும்பத் திரும்ப ஒரு தாளத்தில் சொன்னால் 'சாண்டட்'. 'ஸ்லோகன்' என்ற சொல்லைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம்; அது அரசியலுக்கும் விளம்பரத்துக்கும் உரியது. ஊர்வலத்தில் கோஷம் எழுப்பியதை எழுதும்போது 'ரெய்ஸ்ட் ஸ்லோகன்ஸ்' என்பது இந்தியப் பத்திரிகை வழக்கு. 'சாண்டட் ஸ்லோகன்ஸ்' என்றால் எங்கும் விளங்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு 'லவுட்லி'. தேவாரத்தை வாய்விட்டுப் படிப்பது 'அலவுட்'. மனதுக்குள் படிக்காமல் குரல் கொடுத்துப் படிப்பது என்பதே அதன் பொருள், உரப்பு முக்கியமில்லை. வகுப்பில் "ரீட் இட் லவுட்லி" என்று கேட்டால் பிள்ளை கத்திப் படிக்கத்தான் செய்யும். "ரீட் இட் அலவுட்" என்று கேளுங்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையென்றால் "ஸ்பீக் அப்."

அறிகுறி: "ஹீ ஷவுட்டட் லவுட்லி இன் எ லவுட் வொய்ஸ்"

ஒன்றை வைத்துவிட்டு மற்றவற்றை வெட்டுங்கள். 'ஷவுட்' உள்ளேயே உரப்பு இருக்கிறது.

அறிகுறி: கத்தலே இல்லாத இடத்தில் கத்தல் சொல் வந்து குழப்புகிறது

லண்டனில் இருக்கும் மச்சான் "கிவ் மீ எ ஷவுட்" என்று எழுதினால் சொல்லி அனுப்பு என்று அர்த்தம். மெல்பேனில் இருக்கும் சித்தப்பா கடையில் "மை ஷவுட்" என்றால் காசு அவர் கொடுக்கிறார். அவுஸ்திரேலிய வழக்கு அது. 'ஷவுட்-அவுட்' மேடையில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது. 'எ ஃபார் க்ரை ஃப்ரம்' என்றால் அதற்கும் இதற்கும் வெகுதூரம். 'ஹியூ அண்ட் க்ரை' இன்று பொதுமக்களின் எதிர்ப்புக் கூச்சலைக் குறிக்கிறது. பழைய இங்கிலாந்தில் அது ஒரு சட்டக் கடமையாகவே இருந்தது. கள்வனைக் கண்டவர் கூச்சலிட்டு ஊரைத் திரட்டி அவனைத் துரத்த வேண்டும். 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் அதை வலியுறுத்தியது. 'ஸ்கிரீம் ப்ளூ மர்டர்' என்றால் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்துவது. அமெரிக்கர் 'ப்ளூ' இருக்கும் இடத்தில் 'ப்ளடி' சொல்வார்கள்.

அறிகுறி எதிலும் அடங்கவில்லை, ஆனாலும் சந்தேகம்

எழுதிய தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். வந்த வசனங்களை யார் எழுதியது என்று பாருங்கள். பத்திரிகைகளும் நாவல்களும் வந்தால் நம்பலாம், எங்களைப் போலக் கற்பவர்கள் எழுதியது மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு உண்மையான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் திரட்டிய இரண்டு பெரிய தொகுப்புகள் (கோர்ப்பஸ்) உதவும்: 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கோர்ப்பஸ், 100 கோடியைத் தாண்டிய சமகால அமெரிக்க ஆங்கிலக் கோர்ப்பஸ். 'லெட் அவுட் எ' என்று கொடுத்து அடுத்த சொல்லைக் காலியாக விட்டால், அங்கே எந்தெந்தச் சத்தங்கள் வருகின்றன என்று வரிசையாகக் காட்டும். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து அதைச் செய்து பாருங்கள். நான் கொடுத்த எந்தப் பட்டியலையும்விட அது நன்றாக மனதில் நிற்கும்.

பரீட்சை மண்டபத்தில் இணையம் இல்லை. அங்கே சந்தேகம் வந்தால் அடைமொழியை விடுங்கள், முன்னால் வரும் சிறு வினையையும் விடுங்கள், சத்தத்தின் சொல்லையே வினையாக எழுதுங்கள். "ஷீ ஸ்கிரீம்ட்." "தே சியர்ட்." "ஹீ ஷவுட்டட் அட் மீ." இந்த மூன்றிலும் பிழைபிடிக்க ஒருவராலும் முடியாது.